பாதி மேஸ்திரியும் இருபத்துமூன்றாவது ஆளும்

மேஸ்திரியக்கா எதையும் முழுசாகச் சொல்லி சேர்வராயன் மலையில் இதுவரை யாரும் கேட்டதில்லை. வயது, வலி, விலை, வேண்டுதல் எதுவானாலும் பாதிதான் வாய்வழியே வெளியே வரும். மீதிப் பாதி சேலை முந்தியில் முடிச்சாகப் பத்திரமாக இருக்கும்.

"உங்களுக்கு என்ன வயசுங்க்கா?" என்று கேட்டால் "இருவத்தெட்டுங்க" என்பார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். ஊரும் சிரிக்காது. ஐம்பத்தாறு என்று பெருக்கி எழுதிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கும். வயிற்றுவலி எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டால் "ரெண்டு நாளா" என்பார். டாக்டர் நாலு என்று எழுதுவார். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் விவரம் தெரியாமல் ரெண்டு என்றே எழுதி, அதற்கேற்ற மாத்திரை கொடுத்து, அக்கா ஒரு வாரம் படுத்துக் கிடந்த கதையும் உண்டு.

வீடு வீடாக ஆள் கணக்கு எடுக்க வந்த வாத்தியாரிடம் இரண்டு மகன்களில் ஒருவனைத்தான் சொன்னார். கொல்லையில் இன்னொருவன் பல் தேய்த்துக்கொண்டு நின்றதை வாத்தியார் பார்த்துவிட்டார்.

"அது யாரும்மா?"

"அவனையும் கேப்பீங்கன்னு தெரியாமப் போச்சுங்க."

சாமியிடம்கூட இதே கதைதான். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஆட்டை மனசில் வைத்துக்கொண்டு சேவலைத்தான் வாய்விட்டு நேர்ந்துகொள்வாராம். கேட்ட காரியம் முடிந்தால் சேவல், நன்றாக முடிந்தால் ஆடு. சாமியும் பழகிப்போய் ஆட்டுக்குத் தகுந்த மாதிரிதான் வேலை செய்யும் என்பது அக்காவின் நம்பிக்கை.

கொட்டச்சேடு போகிற வழியில் இருக்கும் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்திரண்டு பெண்களை வைத்து வேலை வாங்கியவர் அவர். நேரில் மேஸ்திரியக்கா, முதுகுக்குப் பின்னால் பாதி மேஸ்திரி. நான் அங்கே ரைட்டராக இருந்தேன். இப்போது உங்களுக்கு இதை எழுதுகிற மாதிரியான ரைட்டர் இல்லை. எஸ்டேட் ஆபீஸில் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, முதலாளியிடம் திட்டு வாங்குகிற ரைட்டர்.

அக்காவின் பாதி வித்தையைப் பார்க்க வேண்டிய இடம் சேலம் பஸ்தான். மலையிலிருந்து சாமான் வாங்க யாரையாவது கீழே அனுப்பினால், கையில் முழுப் பணத்தையும் கொடுக்க மாட்டார். ஒருத்தியிடம் பாதி. அதே பஸ்ஸில் பின் சீட்டில் போகும் இன்னொருத்தியிடம் மீதி. இவளிடம் அவளைப் பற்றிச் சொல்ல மாட்டார், அவளிடம் இவளைப் பற்றிச் சொல்ல மாட்டார். கடைக்காரரிடம் பேரம் பேசித் தொண்டை வறண்டு முதல் பெண் அழப்போகிற நேரத்தில், இரண்டாவது பெண் முந்தியை அவிழ்த்துக்கொண்டு வருவாள்.

ஒருதடவை சாக்கு வாங்க என்னையே அனுப்பினார். "நாப்பதுக்கு மேல குடுத்துப்போடாதீங்க ரைட்டர் தம்பி" என்றார். கடைக்காரர் எழுபதில் நின்றார். நான் வெயிலில் நின்று மன்றாடி, அறுபதுக்கு முடித்து, வேலை போய்விடும் என்ற பயத்தோடு மலையேறினேன்.

"அறுவதா? பரவால்லீங்களே! எம்பது ஆகும்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கும் அந்த வித்தை ஒட்டிக்கொண்டது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் முதலாளி சென்னையில் இருந்தார். மாதம் ஒரு புதுக் கிறுக்குப் பிடிக்கும். எஸ்டேட் காப்பியை வறுத்து அரைத்து, பாக்கெட் போட்டு இணையத்தில் விற்பது அதில் ஒன்று. காப்பிப் பழக் காலத்தில் பறிப்பு, மற்ற காலத்தில் பாக்கெட் என்று அக்காவின் ஆட்களுக்கு வருஷம் முழுவதும் வேலை கிடைத்தது. ஆனால் வியாபாரம் படுத்தே கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி, காப்பி காயவைக்கும் களத்தையும் பாக்கெட் ஷெட்டையும் குத்தகைக்குக் கேட்டது. அங்கே வரிசையாகக் கூடாரம் அடித்து, டூரிஸ்ட்டுகளைக் குளிரில் படுக்க வைத்துப் பணம் பார்க்கும் திட்டம். முதலாளிக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"இந்த சீசன்ல பாக்கெட் வியாபாரம் தேறுச்சுன்னா சரி. இல்லேன்னா களம் கூடாரத்துக்கு" என்று போனில் சொல்லிவிட்டார். களம் போனால் இருபத்திரண்டு பேரும் அக்காவும் மலையிறங்கி வேலை தேட வேண்டியதுதான்.

கூடவே வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த ஒரு ஏஐ ஏஜென்ட்டையும் போனில் அனுப்பிவைத்தார். அவர் பேரில் ஒரு கார்டு அதோடு இணைந்திருக்கும். நாம் வாயால் வரம்பைச் சொன்னால் போதும். கடைப் பக்கத்துக்கு வாடகை, வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் சேவை, கூரியர் என்று வேண்டியதை அதுவே தேடி, ஒப்பிட்டு, வாங்கி, பணமும் கட்டிவிடும். சொன்ன வரம்பைத் தாண்டவே தாண்டாது.

"மாசம் ஆறாயிரம், ரைட்டர். ஒரு ரூபாய் கூடப் போச்சுன்னா உங்க சம்பளத்துல பிடிப்பேன்."

ஏஜென்ட்டை மேய்க்கும் பொறுப்பை அப்படியே அக்காவிடம் தள்ளிவிட்டேன். ஷெட்டுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும் என்பது ஒரு காரணம். ஏதாவது ஆனால் பழி போட ஆள் வேண்டும் என்பது உண்மையான காரணம். தள்ளும்போது, "மாசம் மூவாயிரம்க்கா" என்றேன். ஆமாம், பாதியை முடிந்துகொண்டேன்.

பாக்கெட் ஷெட்டில், கவிழ்த்துப்போட்ட கூடையின் மேல் போனை வைத்து அறிமுகம் செய்தேன்.

"ஏஜென்ட்டுங்களா? அப்ப கமிசன் அடிப்பானே?" என்றார் அக்கா.

"இது அடிக்காதுக்கா. மிஷின்."

"மிசினுன்னா டீசலாவது குடிக்குமுங்க."

போன் பேசியது. "வணக்கம். உங்களுக்குத் தேவையான சேவைகளை இணையத்தில் வாங்கித் தருவேன். இந்த மாதச் செலவு வரம்பு எவ்வளவு?"

அக்கா என்னைப் பார்த்தார். கை தானாக முந்திக்குப் போனது. "ஆயிரத்தஞ்சூறு கண்ணு."

மூவாயிரம் என்று நான் சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்னொண்ணும் கேட்டுக்க. குடுத்தது முழுசையும் செலவு பண்ணிப்போட்டு வெறுங்கையோட வந்து நிக்கற ஆளு எனக்கு ஆவாது. பாதிய முடிஞ்சு வெச்சுக்கோணும். வெளங்குச்சா?"

"விளங்கியது" என்றது போன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தியே இல்லாத மிஷின் எதில் போய் முடியும்?

மறுநாளிலிருந்து அது அக்காவின் ஆள். காலை ஏழரைக்குக் களத்தில் பேர் கூப்பிடுவார். இருபத்திரண்டு பேரும் ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுத்து முடித்ததும், "இருவத்திமூணு!" என்று போனைப் பார்த்து ஒரு அதட்டல். "வந்திருக்கிறேன்" என்று அது சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் "வந்துட்டேனுங்கக்கா" என்று சொல்லப் பழகிவிட்டது. மூடுபனியில் சிக்னல் போய்ப் பதில் வராத நாளில் அரை நாள் வெட்டு போடச் சொன்னார். சம்பளமே இல்லாத ஆளுக்கு எதில் வெட்டுவது என்று கேட்டேன். "வெட்டுனாத்தானுங்க நாளைக்கு நேரத்துக்கு வரும்" என்றார். ஆள் வருகை எழுதும் மஸ்டர் நோட்டில் இருபத்துமூன்றாம் வரியில் நானும் வெட்டு போட்டேன். என் படிப்புக்கு அதுவும் வேண்டியிருந்தது.

முதல் கொள்முதல் செய்தி அனுப்பும் சேவை. மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றது ஏஜென்ட்.

"எரநூறுக்குக் கேளு."

"அது நிர்ணயிக்கப்பட்ட விலை."

"கேட்டுப் பாத்தியா?"

"இல்லை."

"கேக்காமயே நிர்ணயம்னு எப்படிக் கண்ணு தெரியும்?"

அது போய் எதை எதையோ துழாவிவிட்டு வந்து, புதிதாகச் சேருகிறவர்களுக்கு இருநூற்றைம்பதுக்கு ஒரு திட்டம் இருக்கிறது என்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்கு முந்தைய வருஷம் முழுக்க அந்தச் சேவைக்கு முழு விலை கட்டியவன் நான்தான்.

பிறகு படம் வந்தது. பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அழகான ஒரு பெண் சிரித்துக்கொண்டு காப்பி குடிக்கிற மாதிரி படம் செய்து தரும் சேவை, நானூறு ரூபாய்.

"ஒரு பொம்பளை சிரிக்கறதுக்கு நானூறா? இங்க இருவத்திரெண்டு பேரு சும்மாவே சிரிச்சுக்கிட்டுக் கெடக்கறாளுக!" என்று அத்தனை பேரையும் களத்தில் நிறுத்தினார். நான் போனைப் பிடித்தேன். அக்கா எனக்குப் பின்னால் நின்று, "சிரிங்கடி! பல்லக் காட்டுங்கடி! ஏன்டி, உனக்குத் தனியாச் சொல்லோணுமா?" என்று கத்தினார். படத்தில் இருபத்திரண்டு பேரும் கேமராவைக் கொலைவெறியோடு முறைத்தார்கள். அதையே போடு என்று உத்தரவாகிவிட்டது. கடைப் பக்கத்துக்கு வந்தவர்கள் பயந்து ஓடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

பத்தே நாளில் மதுரையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கூப்பிட்டார்கள். தாம்பூலப் பையில் போட நூறு கிராம் பாக்கெட் அறுநூறு வேண்டுமாம். "அந்தப் படத்தப் பார்த்தோம் சார். இவங்க முறைக்கிற முறைப்புக்கு இந்தக் காப்பியில கலப்படம் பண்ண எவனுக்கும் தைரியம் வராது" என்றார் பெண்ணின் அப்பா.

அத்தனை பெரிய ஆர்டரை நாங்கள் கனவிலும் பார்த்ததில்லை. முதலாளியிடம் சொன்னேன். "இது ஒழுங்காப் போய்ச் சேர்ந்தா கூடாரத்தை விட்டுடறேன். சேரலேன்னா அடுத்த வாரம் கையெழுத்து" என்றார். கல்யாணம் வெள்ளிக்கிழமை காலை. கூரியர் வண்டி புதன்கிழமை பத்து மணிக்கு எஸ்டேட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அந்த வாரம் வானிலை சொல்லும் சேவை ஒன்றையும் ஏஜென்ட் கொஞ்சம் காசுக்கு வாங்கியிருந்தது. திங்கள்கிழமை, "மழைக்கு நாற்பது சதவீதம் வாய்ப்புங்கக்கா" என்றது.

"நாப்பதுன்னா சொல்றான்? அப்ப எம்பது. தார்ப்பாய எடுங்கடி!"

களத்தில் காய்ந்துகொண்டிருந்த கொட்டையை மூடி முடிப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. இரண்டு நாள் விடவில்லை. புதன்கிழமை காலை, பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளும் ஷெட் வாசலில் தயாராக இருந்தபோது, மலைப்பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து சேலம் ரோடு அடைபட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த நிமிஷம் கூரியர்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

இருபத்திரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா போனைப் பார்த்தார்.

"இருவத்திமூணு! வேற வண்டி பாரு!"

"பார்த்துட்டேனுங்கக்கா. குப்பனூர் பக்கத்து ரோடு வழியா எறங்குற ஜீப் ஒண்ணு இருக்குதுங்க. சேலத்துல இருந்து மதுரைக்கு விரைவு பார்சலும் சேர்த்து பதினோராயிரத்து எண்ணூறு. அரை மணி நேரம் நமக்காகப் பிடிச்சு வெச்சிருக்காங்க. பின்னால ஆறு பேர் காத்திருக்காங்க. முழுசா இந்தக் கார்டுலயேதான் கட்டணுமுங்க. பணம் கட்டற ஆளை மாத்தினா வரிசையில கடைசிக்குப் போயிடுவோம்."

"பத்துக்குக் கேளு."

"கேட்டேனுங்க. அந்தப் பக்கமும் ஒரு ஏஜென்ட்தான். ஐந்நூறு எறங்குச்சு. பதினோராயிரத்து முந்நூறுல நிக்குது. அதுக்கு மேல அசையமாட்டேங்குதுங்க."

"அதுக்கு மேஸ்திரி யாரு? அவளக் கூப்புடு, நான் பேசறேன்!"

"அதுக்கு மேஸ்திரி இல்லையாமுங்க."

"அதான் இந்த லட்சணத்துல இருக்குது."

"ஆனா அக்கா, எனக்கு வரம்பு ஆயிரத்தைந்நூறுதானுங்க. என்னால வாங்க முடியாது."

அக்காவின் கை முந்திக்குப் போனது. முடிச்சைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, அத்தனை ஆட்கள் முன்னிலையில், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அது வந்து கண்ணு... மூவாயிரம்னு வெச்சுக்க."

ஷெட்டில் யாரோ "ஐயோ சாமி" என்றார்கள். அக்கா முழுத் தொகையைச் சொல்லி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இருபத்தைந்து நிமிஷம்தான் இருந்தது. "அக்கா, மூவாயிரம் இல்ல. ஆறாயிரம்" என்றேன்.

"ஏனுங் தம்பி, எங்கிட்ட மூணுன்னுதானுங்களே சொன்னீங்க?"

"உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான்க்கா."

திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாயிரம் எந்த மூலைக்கு? முதலாளியைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ரைட்டர்... அது பன்னிரண்டு."

"என்ன சார் பன்னிரண்டு?"

"கார்டுல வரம்பு. பன்னிரண்டாயிரம். ஆறுன்னு சொன்னாத்தான் ஆறுக்குள்ள நிப்பீங்கன்னு..."

"மொதலாளிக்கும் முந்தி இருக்குதாட்டம்!" என்றார் அக்கா, அவருக்குக் கேட்கும்படியே.

முதலாளி அதைக் காதில் வாங்காத மாதிரி, "அதுக்கு மேல ஏத்தணும்னா பேங்க்ல நாளைக்குத்தான் ஆகும். அதுக்குள்ள பாருங்க" என்றார்.

நான் அட்டைப்பெட்டியின் மேலேயே பேனாவால் கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டாயிரத்தில், ஏஜென்ட் அந்த மாதம் ஏற்கெனவே செலவழித்திருக்கும் ஆயிரத்தைந்நூறு போனால் மீதி பத்தாயிரத்து ஐந்நூறு. எண்ணூறு ரூபாய் குறைந்தது. போயும் போயும் எண்ணூறு ரூபாய்க்காக ஒரு களமும் இருபத்திரண்டு குடும்பத்துச் சோறும் போகிறதே! ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். அக்கா யாரையும் அதட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் நிஜமாகவே பயந்துபோனேன்.

அப்போது போன் பேசியது.

"அக்கா, இந்த மாசம் நான் செலவு பண்ணினது எழுநூறு ரூபாய்தானுங்க. மீதி எண்ணூறு அப்படியே இருக்குதுங்க."

"ஏது கண்ணு எண்ணூறு?"

"மொத நாளே சொன்னீங்களே. பாதிய முடிஞ்சு வெச்சுக்கோணும்னு."

அக்கா அந்தக் கூடையின் முன்னால் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். நான் மறுபடி கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டாயிரத்தில் எழுநூறு போனால் பதினோராயிரத்து முந்நூறு. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கட்டு சாமி" என்றார் அக்கா. குரல் பாதிதான் வந்தது.

ஜீப் பதினொன்றரைக்கு வந்தது. பெட்டிகளுக்குத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுத் தாங்கள் நனைந்துகொண்டே பெண்கள் ஏற்றிவிட்டார்கள். வியாழன் சாயங்காலம் மதுரையிலிருந்து போன் வந்தது, சரக்கு வந்துவிட்டதென்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு படமும் வந்தது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் மாதிரியே கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார்கள். கூடாரக் கம்பெனி வேறு களம் தேடிப் போய்விட்டது.

அடுத்த நாள் பேர் கூப்பிடும்போது அக்கா இருபத்துமூன்றை முதலில் கூப்பிட்டார். இருபத்திரண்டு பேருக்கும் பொறாமை. இத்தனை நடந்த பிறகாவது எல்லாரும் உண்மை பேசியிருப்போம் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதம் முதலாளி போன் செய்து, "வரம்பை ஏத்திட்டேன். இனிமே பன்னிரண்டாயிரம்" என்றார். நான் அக்காவிடம் ஆறாயிரம் என்றேன். அக்கா ஏஜென்ட்டிடம் மூவாயிரம் என்றார். "சரிங்கக்கா" என்றது அது, ரொம்ப அடக்கமாக. கார்டில் இருபத்துநாலு இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த வருஷம் எனக்குச் சேலத்தில் வேலை கிடைத்தது. மலையிறங்குகிற அன்று அக்கா பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். ஒரு காப்பிப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "அரைக் கிலோதானுங்க" என்றார். ஒரு கிலோ கனத்தது. பஸ் வந்ததும், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரைட்டர் தம்பி போறது கொஞ்சம் வருத்தந்தானுங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதல் கொண்டை ஊசி வளைவில் அந்தக் கொஞ்சத்தை இரண்டால் பெருக்கினேன். அடுத்த வளைவில் அதை மறுபடி இரண்டால். மொத்தம் இருபது வளைவு. அடிவாரத்தில் பஸ் நின்றபோது கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கண்ணுல தூசி உழுந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சமுங்க" என்றேன்.